வானளாவிக்கு வரவேற்பு, அனெக்சுக்கு அனுமதி இல்லையா?

மருதானைச் சந்தியில் நின்று மேற்றிசை நோக்குவோர் கண்ணுக்குத் தாமரைக் கோபுரம் தப்பாது. 350 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். 2019ஆம் ஆண்டு கோலாகலமாகத் திறந்துவைத்தார்கள். 2022இலேதான் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். அதிலே குடியிருப்பவர் ஒருவருமிலர். அதே சந்தியிலிருந்து திரும்பி, ஏதாவதோர் ஒழுங்கையினுள் ஐம்பது அடி நடந்து செல்வோமாக. பழைய வீடொன்று, அதன் கோடிப்புறத்திலே மதிலோடு ஒட்டியபடி ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. ஆண்டு பலவாக அங்கே ஒரு குடும்பம் வாழ்கின்றது. பொங்கலும் அங்கேதான், பிள்ளையின் படிப்பும் அங்கேதான். ஆனால் மாநகரத்தின் ஏட்டிலே அந்த வீடு இல்லை. குடியில்லாத கோபுரம் வரைபடத்தில் இருக்கின்றது. குடியுள்ள வீடு வரைபடத்தில் இல்லை! இந்தக் கோணலைப் பற்றியே எழுதப் புகுந்தோம்.

இத்தகைய துணைவீட்டுக்குக் கொழும்புத் தமிழர் வைத்த பெயர் "அனெக்ஸ்". வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சொல்லாயினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் அதனை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டோ? யாழ்ப்பாணத்து எழுதுவினைஞன் நால்வரோடு ஐவராய்ச் "சமறி"யிலே பாய் விரித்த காலம் போய், கலியாணம் முடித்து மனைவியோடு கொழும்புக்கு வந்தபோது முதன்முதல் ஏறிய படி அனெக்சின் படியே. 1983 ஆடியில் வீடு எரிந்து அகதி முகாம் கண்டு மீண்டவர்களும், 1990க்குப் பின் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்களும், வெளிநாட்டு விசாவுக்காக மாதக்கணக்கிலே காத்திருந்தவர்களும், மகரகமை ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்க வந்த நோயாளரும் அவர்க்குத் துணை வந்தோரும் தங்கியது எங்கே? அரசாங்கம் கட்டிக் கொடுத்த மாளிகையிலா? யாரோ ஒரு விதவைத் தாயின், யாரோ ஓர் ஓய்வூதியரின் பின்வளவு அறையிலேதான்.

அந்த அறை எவ்வாறு பிறக்கின்றது என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் விதிகளை இயற்றுவோர் அறியாததுபோல் நடிக்கும் விஷயம் இது. வீட்டுக்காரர் ஒருவர், வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்ட விரும்புகின்றார். இரண்டாவது வீடு என்று விண்ணப்பித்தால், காணியின் அளவு என்ன, பின்வெளி எவ்வளவு, வீதியின் அகலம் போதுமா, வாகனத் தரிப்பிடம் எங்கே என்று கேள்விகள் வரிசையாய் வரும். ஆகவே வரைபடக்காரர் வழி சொல்கின்றார். வரைபடத்திலே பழைய வீட்டிலிருந்து புதிய அறைக்கு உள்வாசலொன்று கீறப்படுகின்றது. அடுப்படி "களஞ்சிய அறை" ஆகின்றது. இப்போது அது வேறு வீடன்று, வீட்டின் விரிவே. அனுமதி வருகின்றது. அறை எழுகின்றது. பின்பு அந்த உள்வாசலின் முன்னே பெரியதோர் அலமாரியைத் தள்ளி வைக்கின்றார்கள். அலமாரிக்கு அப்பால் ஒரு குடும்பம். இப்பால் ஒரு குடும்பம். "தம்பி, ஆரும் வந்து கேட்டால் எங்கடை மருமகன் எண்டு சொல்லும்" என்று வீட்டுக்கார அம்மா வாடகைக்காரனுக்குச் சொல்லி வைக்கின்றார். பொய் சொல்லப் பழகாத ஆசிரியரும் எழுதுவினைஞரும் இவ்வாறு இல்லாத உறவுமுறையைச் சுமந்து ஆண்டுகள் கழிக்கின்றனர். சட்டத்தை மதிக்க விரும்பும் மனிதனைப் பொய்யனாக்கும் விதி, விதியாகுமோ?

விதி எங்கிருந்து வந்தது என்பதையும் காண்போம். 1914இல் கொழும்பிலே கொள்ளைநோய் புகுந்தது. 1915இல் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது, இணக்கச் சான்றிதழின்றிக் குடிபுகலாகாது என்னும் முறை அன்று வந்ததே. எலியும் இருளும் சாக்கடையும் உயிர் குடித்த காலத்திலே வெளிச்சமும் காற்றும் கேட்ட சட்டத்தை நாம் பழிக்கவில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பு அறிஞர் கொழும்புக்கு வந்து திட்டம் தந்தார். அதற்கு முன்பே தஞ்சாவூரையும் மதுரையையும் தெருத்தெருவாய் நடந்து பார்த்தவர் அவர். நெருங்கிய குடியிருப்பை இடித்துத் தள்ளாது, வேண்டிய இடத்திலே மட்டும் சிறிது வெட்டிச் சீர்செய்க என்பதே அவர் நகரங்களுக்குச் சொன்ன வைத்தியம். அவரது பூங்கா நகரக் கனவை மேடைதோறும் எடுத்துக் கூறுவோர் இந்த வைத்தியத்தை மாத்திரம் வசதியாய் மறந்துவிட்டனர்.

பின்பு 1978இன் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றிற்று. 1986இல் அதன் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வர்த்தமானியிலே வெளிவந்தன. புதிதாய்ப் பிரிக்கும் வீட்டுக்காணி 150 சதுர மீற்றருக்குக் குறையலாகாது, முகப்பு 6 மீற்றருக்குக் குறையலாகாது என்பது அவ்விதி. 150 சதுர மீற்றர் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 6 பேர்ச். நல்லது, இனி ஒரு தகப்பனை எண்ணிப் பாருங்கள். புகையிரதத் திணைக்களத்தில் முப்பது வருடம் உழைத்து, மருதானையிலே 8 பேர்ச் காணியும் ஒரு வீடும் தேடியவர். பெண்மக்கள் இருவர். ஊரில் என்றால் என்ன செய்வார்? வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு என்று சீதனமாய் எழுதி, தாமும் ஒரு மூலையிலே ஒதுங்குவார். நம்மவர் தலைமுறை தலைமுறையாய்க் கண்ட வீடமைப்புத் திட்டம் அதுவே. கொழும்பிலோ 8 பேர்ச்சை இரண்டாக்கினால் ஒவ்வொன்றும் நாலு பேர்ச். இரண்டும் விதிக்குக் குறைவு. காணியைப் பிரிக்க இயலாது. மாடிவீட்டுச் சொத்துரிமைச் சட்டம் 1973இல் வந்ததே, அதன்படி மேல்மாடியைத் தனியுறுதியாய் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், நில அளவையாளர், வரைபடம், சான்றிதழ், பதிவு என்று அதற்குரிய படிகளெல்லாம் ஐம்பது வீட்டுத் தொடர்மாடி கட்டும் முதலாளியின் காலுக்கு அளவெடுத்தவை. ஓய்வூதியரின் கால் எட்டுமா? எட்டாதபடியாலே இளையவளுக்கு அனெக்ஸ், அனெக்சுக்கு அலமாரி.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் 1973இல் இயற்றப்பட்டபோது, ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எண்ணவேண்டி வந்தது. அப்போது "வீடு" என்பதற்கு வரைவிலக்கணம் எழுதியவர்கள், தொடக்கத்தில் ஒரே குடியிருப்பாயிருந்த வீட்டின் பிரிவையும் விரிவையும் வேறு வீடாக எண்ணவேண்டாம் என்று விலக்கினார்கள். அதாவது அனெக்ஸ் என்றொன்று நாட்டிலே உண்டு, அது சாதாரணக் குடும்பத்தின் தேவை என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பாராளுமன்றம் அறிந்திருந்தது. பறிக்கும் சட்டத்துக்குத் தெரிந்த உண்மை, கட்டும் சட்டத்துக்குத் தெரியாமற் போனது எவ்வாறு?

இனி, ஏட்டிலே இல்லாத வீட்டில் வாழ்வதன் விலை யாது? வாடகைக்கு உடன்படிக்கை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. மின்மானி வீட்டுக்காரர் பெயரில். வாக்காளர் இடாப்பிலே பெயர் ஏற வீட்டுக்காரர் தயங்குகின்றார். முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனால் கேட்பது என்ன? வதிவிடத்துக்கு அத்தாட்சி, வாக்காளர் இடாப்பிலே எத்தனை ஆண்டு பெயர். மதிலுக்கு அப்பால் பாடசாலை மணி கேட்கும் தூரத்திலே வாழும் பிள்ளைக்கு, வாழ்கின்றது என்பதைக் காட்டக் கடதாசி இல்லை.

தமிழருக்கோ இந்தக் கடதாசி பாடசாலையோடு நின்றதன்று. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விடியற்பொழுதிலே கொழும்பின் லொட்ஜுகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர், தகுந்த காரணமின்றித் தலைநகரில் இருக்கின்றனர் என்று பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு இட்டது. பின்பு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கு லொட்ஜில் இருந்தவன் அகப்பட்டான். அனெக்சில் இருந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு "மருமகன்" என்ற சொல்லையே கவசமாய்ப் பிடித்திருந்தான்.

"ஏட்டிலே இல்லாதிருப்பதே பாதுகாப்பு" என்று வாதிப்போர் நம்மவருள் உளர். 1983இல் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வந்தே காடையர் தமிழர் வீட்டை இனங்கண்டனர் என்பதை மறந்தோமல்லோம். எரிந்த சொத்துக்கள் அவசரகால விதிகளின் கீழ் அரசிடம் சாட்டப்பட்டு, சொந்தச் சாம்பலின்மேல் கால் வைப்பதற்கே உரிமையாளர் அனுமதி கேட்டு நின்றதையும் மறந்தோமல்லோம். எனினும் இடாப்பு வீட்டை எரிக்கவில்லை. எரித்தவன் கையைத் தடுக்காத ஆட்சியே எரித்தது. ஒளிந்திருப்பது ஒரு காலத்தின் உபாயம். அதனை ஒரு சமூகத்தின் வாழ்க்கைமுறையாக்கிக்கொள்ள எவரும் நமக்குக் கட்டளையிட இடங்கொடோம்.

மறுபுறம், அதிகாரத்தின் அன்பு யார்மேல் பொழிகின்றது என்று பாருங்கள். 2010க்குப் பின் நகர மீளெழுச்சித் திட்டமென்று ஒன்று வந்தது. வசதி குன்றிய 1,499 குடியிருப்புகளிலே 68,812 குடும்பங்கள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையே கணக்குச் சொல்லிற்று. அந்தக் குடும்பங்களை வனாத்தமுல்லை, தெமட்டகொடை முதலிய இடங்களிலே எழுப்பிய அடுக்குமாடிகளில் ஏற்றி, விட்ட நிலத்தை முதலீட்டாளருக்குத் திறப்பது திட்டம். தோட்டத்து வீட்டில் தாய், மணமுடித்த மகன், மகள் என்று மூன்று அடுப்பு எரிந்தது. மேலே கிடைத்ததோ நானூறு, ஐந்நூறு சதுர அடியில் ஓர் அலகு. தோட்டத்திலே இருந்தபோது மகனுக்குப் பிள்ளை பிறந்தால் மரச்சட்டம் நாட்டி மேலே ஓர் அறை எழுப்பினார்கள். எட்டாம் மாடியிலே எதனை எழுப்புவது? குடும்பம் வளரும், கொங்கிறீற்று வளராது. இந்தச் சிறிய உண்மை தெரியாமலா நிபுணர் குழுக்கள் கூடின?

"சிறிய காணியில் சிறிய வீடு நகரத்தைச் சேரியாக்கும்" என்பார்க்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கிராண்ட்பாஸிலுள்ள நவகம்புரவுக்கு நடந்து போகட்டும். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின் கீழே, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை அங்கே குடும்பத்துக்கு 2 பேர்ச் காணியையே பங்கிட்டது. 150 சதுர மீற்றரன்று. 50 சதுர மீற்றர்! விசேட திட்டப் பிரதேசம் என்று அதனைப் பிரித்து, பொது விதியைத் தளர்த்தி, பின்வெளி எவ்வளவு, யன்னல் எங்கே, பொதுச்சுவர் எவ்வாறு என்பவற்றைக் குடியிருப்பாளரே அதிகாரிகளோடு கூடியிருந்து பேசித் தமக்கென விதி எழுதிக்கொண்டனர். எந்த அரசாங்கம்? அதே இலங்கை அரசாங்கம். எந்த ஆண்டுகளில்? 1986இன் கடும் விதிகள் வர்த்தமானியில் ஏறிய அதே ஆண்டுகளில். பிரேமதாசாவின் அரசியலிலே நமக்கு ஆயிரம் வழக்குண்டு. ஆனால் இந்தக் காரியத்திலே அவர் காலத்து உத்தியோகத்தர்கள் செய்து காட்டியதை மறைப்பது நேர்மையன்று. 150 என்னும் எண் வேதவாக்கு அன்று என்பதை அவர்களே நிரூபித்தார்கள்.

கனடாவிலே, ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் வாழ்க்கையைத் தொடங்காத ஈழத்தமிழ்க் குடும்பம் சிலவே. அவையும் நெடுங்காலம் அரைகுறை அனுமதியோடு ஒளிந்து நின்ற வீடுகளே. ஒன்ராறியோ மாகாணம் 2022இல் இயற்றிய சட்டத்தினால், குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள நகரப்புற வீட்டுக்காணி ஒன்றிலே மூன்று குடியிருப்புகள் வரை உரிமையாகவே அமைக்கலாம் என்றாயிற்று. கலிபோர்னியாவிலே, முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாளுள் நகரம் மறுமொழி தராவிடின், அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று 2020 தொடக்கம் சட்டம் நின்றது. ஈண்டு நிலைமை யாது? அனுமதியின்றிக் கட்டினால், ஏழு நாளுக்குக் குறையாத தவணை கொடுத்துவிட்டு, நீதவானிடம் சென்று இடிப்புக்கட்டளை பெறலாம் என்கின்றது நம் சட்டம். நாட்கணக்கு இடிப்பவன் பக்கத்திலே இத்துணைத் தெளிவாய் இருக்கையில், கட்டுபவன் பக்கத்திலும் அவ்வாறே இருத்தல் வேண்டாமா?

எதிர்வாதத்திலே கனமானது ஒன்று உண்டு. அதனைத் தட்டிக்கழிக்க மாட்டோம். 2017 மே 18இல் வெள்ளவத்தையிலே, சவோய் படமாளிகைக்கு அண்மையிலே, பல மாடிக் கட்டடமொன்று சரிந்து விழுந்து உயிர் போயிற்று. பலர் காயமுற்றனர். விதியைத் தளர்த்தினால் இதுதானே நடக்கும் என்பார்கள். அன்பர்களே, விழுந்தது பின்வளவு அனெக்ஸ் அன்று, வீதியோரத்துப் பெருங்கட்டடம். எல்லா விதியும் இருக்கும்போதே அது விழுந்தது. காரணம் வெளிப்படை: எல்லாவற்றையும் தடுக்கும் விதியால் எதனையும் கண்காணிக்க முடியாது. ஒளித்துக் கட்டும் அறைக்கு எந்தப் பொறியியலாளன் வந்து தூணைத் தட்டிப் பார்ப்பான்? மின்கம்பி எரிந்தால் வெளியேற வழியுண்டோ என்று யார் கேட்பார்? அலமாரி அடைத்த வாசல் தீப்பிடித்த இரவிலே என்னவாகும் என்பதை எண்ணவே நெஞ்சு நடுங்குகின்றது. கழிவுநீர்க் குழாய் தாங்குமா, மழைநீர் எங்கே போகும் என்பனவும் நியாயமான கேள்விகளே. வெள்ளவத்தைக் கால்வாயோரத்தார் வெள்ளத்தை அறிவர். ஆனால் நாற்பது மாடிக்குத் தாங்கும் குழாய் நாலு பேருக்குத் தாங்காது என்றால் எவர் நம்புவார்? வாகனத் தரிப்பிடம் என்னும் நிபந்தனையோ வெறும் பரிகாசம். 100ஆம் இலக்க பஸ்ஸிலும் கரையோர ரயிலிலும் தொங்கிப் போகின்றவனுக்கு, இல்லாத காரை நிறுத்த இடங்காட்டு என்று கேட்பது எவ்வூர் நீதி?

நம்மவர் குற்றத்தையும் சொல்லாது விட்டால் இந்தப் பேனா நேர்மையற்றதாகும். அனெக்ஸ் கள்ளவீடாய் இருப்பதிலே ஆதாயம் காணும் தமிழ் வீட்டுச் சொந்தக்காரர் பலர். இரண்டு வருட முற்பணம், பற்றுச்சீட்டில்லை, நினைத்த மாதத்திலே எழும்பு என்ற சொல். சாதியும் சமயமும் ஊரும் விசாரித்தே திறப்பைக் கொடுக்கும் வழக்கம். ஒளிவுமறைவிலே கொழுக்கும் வரைபடக்காரரும் நம்மவரே. வழக்குக்கு வழக்கு பணம் காணும் சட்டத்தரணிகளும் நம்மவரே. இப்பத்திரிகையைப் படிக்கும் பொறியியலாளர், கட்டடக் கலைஞர், நில அளவையாளர் ஆகியோர் தம் சங்கங்களிலே இது பற்றி ஒருநாளாவது வாய் திறக்கக் கூடாதா?

"கொழும்பான் வீட்டுக்கு வலிகாமத்து வெங்காயச் செய்கையாளன் ஏன் அழ வேண்டும்?" என்று கமக்காரர் கேட்கலாம். ஐயா, அந்த முற்பணம் எங்கிருந்து வருகின்றது? உம்முடைய வெங்காயத் தறையிலிருந்தும் கிளிநொச்சி வயலிலிருந்தும் அன்றோ? மகன் கொழும்பிலே உத்தியோகம் பார்க்கின்றான் என்று ஊரார் சொல்கின்றார்கள். மாதா மாதம் ஊரிலிருந்து அரிசியும் பணமும் போவது உமக்குத்தான் தெரியும். அன்றியும், 1978இன் சட்டம் கொழும்புக்கு மாத்திரம் எழுதப்பட்டதன்று. அமைச்சர் வர்த்தமானியிலே பிரகடனம் செய்யும் எவ்விடமும் நகர அபிவிருத்திப் பிரதேசமே. உமது வளவிலே மகளுக்கு ஒரு வீடு கட்டும் உரிமையும் அந்தப் பேனா முனையிலே தொங்குகின்றது.

நாம் கேட்பது வானத்து நிலவையன்று. வீடுள்ள ஒவ்வொரு காணியிலும் ஒரேயொரு துணைவீடு, 50 சதுர மீற்றருக்கு மேற்படாமல், உரிமையாகவே அனுமதிக்கப்படல் வேண்டும். வெளிச்சம், காற்று, மலசலகூடம், தீக்கு வெளியேறும் வழி, மழைநீர் வடிகால் ஆகிய ஐந்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவற்றை மாத்திரம் கேளுங்கள், கண்டிப்பாய்க் கேளுங்கள். வரைபடத்துக்கு ஏழை பணம் கொட்டாதபடி மாதிரி வரைபடங்களை மாநகர சபையே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விற்கட்டும். தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பிலே எழுதினீர்களே. கருமபீடத்திலே அதனைக் காணும் நாள் எந்நாள்? விண்ணப்பத்துக்கு நாள் குறித்து, அந்நாள் கடந்தால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்ற வாசகம் வேண்டும். ஏற்கெனவே உள்ள அனெக்சுகளுக்கு இரண்டு வருடத் தவணை கொடுத்து, தண்டமின்றிப் பரிசோதித்து, இலக்கமிட்டுப் பதியட்டும். அவ்விலக்கத்துக்குச் சோலைவரி கட்ட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். வாடகைக்காரன் கையிலே எழுத்து உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் இருத்தல் வேண்டும் என்பதே பதிலுக்கு நாம் வைக்கும் நிபந்தனை.

2023 மார்ச்சிலே மாநகர சபையின் காலம் முடிந்து, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே இரண்டு வருடத்துக்கு மேல் தலைநகர் ஆளப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலிலே வாக்குக் கேட்டு மருதானை ஒழுங்கைகளிலே கைகூப்பி நடந்தவர்கள் இப்போது ஆசனங்களில் இருக்கின்றனர். அவர்கள் வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. 14 வேலை நாளுள் முடிவு சொல்ல அதிகாரி கடமைப்பட்டவர். ஒரு வெள்ளைத்தாளிலே மூன்று கேள்வி எழுதுங்கள்: கடந்த ஐந்து வருடத்திலே, ஏற்கெனவே வீடுள்ள காணியில் இரண்டாவது குடியிருப்புக்கு வந்த விண்ணப்பம் எத்தனை? அனுமதித்தவை எத்தனை? ஒவ்வொன்றுக்கும் சென்ற நாள் எத்தனை? மருதானையிலிருந்து பத்துப்பேர், வெள்ளவத்தையிலிருந்து பத்துப்பேர், கொட்டாஞ்சேனையிலிருந்து பத்துப்பேர், இவ்வாரமே தமிழிலே எழுதி அனுப்புக. வரும் மறுமொழிகளை, மறுமொழி வாராதவற்றையும், இப்பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள். ஒன்றும் விடாது வெளியிடுவோம்.